பிள்ளையாரிடம் கேட்ட ஹார்ட் டிஸ்க்

"மூவாயிரத்து எண்ணூறா? அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிடாயே பிடிச்சிரலாமேப்பா," என்றான் செல்லச்சாமி.

"தாராளமாப் பிடிங்கண்ணே. ஆனா கிடாய்க்குள்ள கல்யாணத்தை ஏத்த முடியாது," என்றான் கபீர்.

வீரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது கபீரின் கம்ப்யூட்டர் கடை. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத் தை மாதம். கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். செல்லச்சாமி வீடியோ எடுப்பவன். அவன் தம்பி மருதுபாண்டி லைட் பிடிப்பவன். அவர்கள் எடுத்து வரும் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து சீடியாக்குவது வீரலட்சுமியின் வேலை. மிக்ஸிங் என்பார்கள். அதற்கென்றே மதுரையில் தங்கிப் படித்து வந்தவள். கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. இன்னொன்று வாங்காமல் இனி ஒரு கல்யாணத்தையும் ஏற்ற முடியாது.

"மதினி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க," என்றான் மருதுபாண்டி. "மெட்ராஸ்ல என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். இதே ஐந்நூறு ஜிபி. ரெண்டாயிரத்து இருநூறுக்கு அனுப்புறேங்கிறான்."

"பில்லு உண்டா?"

"பில்லு எதுக்கு மதினி? பில்லா படம் காட்டப் போகுது?"

"வாரண்டி?"

"ஒண்ணும் ஆகாதுன்னு அவன் வாயாலயே சொல்றான்."

"கெட்டுப்போனா அவன் வாயைக் கொண்டுபோய் எந்தக் கடையில குடுத்து மாத்துறது?"

கபீர் பெட்டியை மேஜைமேல் வைத்தான். "அக்கா, நான் யாவாரி. என் சரக்கைத்தான் நல்லதும்பேன். ஆனா இதைக் கேட்டுக்கங்க. ரெண்டுமே உள்ள சுத்துற சாமான். சுத்துறது என்னைக்காச்சும் நிக்கும். என்கிட்ட வாங்குனது நின்னா மூணு வருஷத்துக்குள்ள வேற பெட்டி தருவாக. உள்ள இருந்த கல்யாணத்தைத் தர மாட்டாக."

செல்லச்சாமி துள்ளினான். "பாத்தியா, அவனே சொல்லிட்டான்! செத்தா ரெண்டும் சாவுதான். பெறகு எதுக்கு ஆயிரத்து அறுநூறு கூடக் குடுக்கணும்?"

"சீக்கிரம் சாகாம இருக்கத்தான்," என்றாள் வீரலட்சுமி.

"அந்த விலைக்கு வாரதுல பாதி, எங்கயோ ஓடித் தேஞ்சதைத் தொடச்சு மேல ஸ்டிக்கர் ஒட்டுனது," என்றான் கபீர். "நல்லதும் இருக்கும்க்கா. எது நல்லதுன்னு வெளிய பாத்து எனக்கே தெரியாது."

அன்றைக்கு எதுவும் வாங்காமலே திரும்பினார்கள். வீட்டில் பேச்சு ஓயவில்லை. சோறு போடும்போதும் ஹார்ட் டிஸ்க், பாய் விரிக்கும்போதும் ஹார்ட் டிஸ்க்.

"நான் கேக்குறது எனக்கு நகை இல்லை," என்றாள் அவள். "கருத்தம்மாள் அக்கா வீட்டுக் கல்யாணம்தான் முதல்ல ஏத்தணும். அதை நினைச்சுப் பாத்தீகளா?"

கருத்தம்மாள் நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குப் போகிறவள். போன வாரம்தான் அவள் மகள் முத்தழகுக்குக் கல்யாணம் நடந்தது. மகன் சின்னக்கருப்பன் மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருந்தான். தங்கை கல்யாணத்துக்குப் பணம் அனுப்பியவன் அவன்தான். லீவு மட்டும் கிடைக்கவில்லை.

"தாலி கட்டுற நேரத்துக்கு அந்த அக்கா செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சே, மகன் காதுல கெட்டிமேளம் விழணும்னு! நீங்கதான எடுத்தீக? அவன் அங்கன உக்காந்து பாக்குறதுக்குத்தான் இந்த வீடியோவே. நான் அந்த அக்கா கையைப் பிடிச்சுச் சொல்லியிருக்கேன், பத்திரமாத் தாரேன்னு."

"தரத்தான போறோம்? யாரு இல்லைன்னா?"

"அதுல ஏத்துனா தருவோமான்னு எனக்கு நம்பிக்கை இல்லை."

"எனக்கு இருக்கு."

"உங்க நம்பிக்கைக்கும் பில்லு இல்லை."

செல்லச்சாமி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினான். "சரி. நீயும் விட மாட்டே, நானும் விட மாட்டேன். பூக் கேட்டுப் பாத்திருவோம். பிள்ளையார் என்ன சொல்றாரோ அது."

"சரி," என்றாள் வீரலட்சுமி. பூக் கேட்பதை அவள் மறுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் கல்யாணமே இரு வீட்டாரும் பூக் கேட்டு முடிவானதுதான்.

மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கூடினார்கள். மருதுபாண்டி முன்னாலேயே போய்ப் பூப் பறித்து, காகிதத்தில் மடித்து மஞ்சள் நூல் சுற்றிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தான். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் கபீர் கடை. சிவப்பு வந்தால் மெட்ராஸ். இரண்டு பொட்டலத்தையும் பிள்ளையார் காலடியில் போட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கும்பிட வந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒண்ணை எடு பாப்பா," என்றார்கள்.

பிரித்தால் சிவப்பு.

"சாமியே சொல்லிட்டாரு," என்றான் செல்லச்சாமி.

வீரலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனசு ஒப்பவில்லை; இருந்தாலும் சாமி சொன்ன பிறகு என்ன பேச்சு? மிச்சப் பொட்டலம் கால்பட்டு மிதிபடக் கூடாது என்று மருதுபாண்டி அதை எடுத்து, தன் தோளில் கிடந்த கேமராப் பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டான்.

"ஒரே ஒரு சொல்லு," என்றாள் அவள் வீட்டுக்கு வந்ததும். "சீடி போட்டு ஆள் கைக்குப் போற வரைக்கும் எந்த டேப்பையும் மறுபடி கேமராவுல போடக் கூடாது."

இந்தத் தொழிலில் அது வழக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றியானதும், அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். பழைய கல்யாணத்தின்மேல் புதுக் கல்யாணம் பதிந்துவிடும். புது டேப் வாங்கும் காசு மிச்சம்.

"தொட மாட்டேன். போதுமா? பிள்ளையார் மேல சத்தியம்," என்றான் செல்லச்சாமி.

ஹார்ட் டிஸ்க் பார்சலில் வந்தது. நன்றாகத்தான் ஓடியது. கருத்தம்மாள் வீட்டுக் கல்யாணத்தின் இரண்டு டேப்பையும் அதில் ஏற்றி, டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள் வீரலட்சுமி. வேலை நடந்துகொண்டிருந்தது.

"மெட்ராஸ் மாப்பிள்ளை எப்படி மதினி? ஒழுங்கா நடந்துக்கிறாரா?" என்று மருதுபாண்டி வரும்போதெல்லாம் கேட்டான்.

"இதுவரைக்கும் வாயைத் திறக்கலை," என்றாள் அவள்.

மாசி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். அண்ணனும் தம்பியும் விடியுமுன் திருப்புல்லாணிக்குக் கல்யாணம் எடுக்கப் போய்விட்டார்கள். வீரலட்சுமி காப்பியைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். பெட்டிக்குள் பல்லி கத்துவது போல் ஒரு சத்தம். டிக், டிக், டிக். மெட்ராஸ் மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டார். அதன்பின் திரையில் அந்த டிஸ்க்கே இல்லை.

கபீருக்குப் போன் போட்டாள்.

"உடனே ஆஃப் பண்ணுங்கக்கா. கழட்டிக் கொண்டுட்டு வாங்க. டேப் இருக்குல்ல?"

"இருக்குப்பா. அதுக்குத்தான சத்தியம் வாங்குனேன்."

போனை வைத்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று அலமாரியைத் திறந்து பிஸ்கட் டப்பாவைத் தூக்கினாள். அது காற்றாக லேசாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

செல்லச்சாமியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மருதுபாண்டியைக் கூப்பிட்டாள். அவனும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் எந்தப் போன் கேட்கும்? டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு ஓடினாள்.

கடைக்கு மேலேயே கபீரின் வீடு. இறங்கி வந்து டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். உரிந்துவந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர்.

"தேதி பாருங்கக்கா. ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. ஏதோ ஆபீஸ்ல ராவும் பகலும் ஓடிக் களைச்சதை உங்க தலையில கட்டியிருக்கான்."

"உள்ள இருக்கிறதை எடுக்க முடியுமா?"

"மெட்ராஸ்ல எடுப்பாக. கேக்குற ரூவாயைச் சொன்னா உக்காந்திருவீக. அதுவும் வந்தா உண்டு."

"ரெண்டு புது டேப் குடு," என்றாள் வீரலட்சுமி.

கீழக்கரை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கண்டக்டர் பார்த்தார்.

"எங்கன தாயி இறங்கணும்?"

"திருப்புல்லாணி. கல்யாணத்துக்கு."

"கல்யாணத்துக்கா? சேலைகூட மாத்தாமயா?"

"நிறுத்தப் போறேன்."

பஸ்ஸில் பாதித் தலைகள் திரும்பின. "யாரு கல்யாணத்தைம்மா?" என்று ஒரு பெரியவர் எழுந்தே விட்டார்.

"கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். அதை எடுக்கிறவனைத்தான் நிறுத்தப் போறேன்," என்றாள். பெரியவருக்கு விளங்கவில்லை. உட்காருவதற்கு இடம் மட்டும் கொடுத்தார்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மேடையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றான் செல்லச்சாமி, கண்ணில் கேமராவோடு. வீரலட்சுமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய்! நீ எங்கன இங்க?"

"உள்ள எந்த டேப் ஓடுது?"

"அதெல்லாம் பெறகு பேசுவோம், முகூர்த்தம்…"

"கருத்தம்மாள் அக்கா டேப்தான? முதல் டேப்பா, ரெண்டாவதா?"

பதில் மருதுபாண்டியிடமிருந்து வந்தது, லைட்டுக்குப் பின்னாலிருந்து. "முதல் டேப்பு முடிஞ்சிருச்சு மதினி. இப்பத்தான் ரெண்டாவது போட்டோம்."

"நிறுத்துங்க."

"மாங்கல்யத் தட்டு சுத்திக்கிட்டு இருக்கு, வீரா. தாலி கட்டப் போறாக!"

"எனக்கும் கண்ணு தெரியுது. தட்டு இந்தக் கூட்டத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள மாத்துங்க. இல்லைன்னா நானே ஏறி மாத்துவேன்."

தாலி வைத்த தாம்பாளம் பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு கையாகத் தொட்டுக் கும்பிடப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்து, "என்னப்பா பிரச்சினை?" என்றார். "ஒண்ணும் இல்லைங்கய்யா, புது டேப்பு போடுறோம்," என்றாள் வீரலட்சுமி. செல்லச்சாமி கேமராவை இறக்கினான். பழைய டேப் வெளியே வந்தது, புதுசு உள்ளே போனது. தட்டு மேடைக்குத் திரும்பவும் கேமரா ஓடவும் சரியாக இருந்தது. கெட்டிமேளம் முழங்கியது. யார் வீட்டுப் பெண்ணோ. அவளுக்கும் அட்சதை போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள் வீரலட்சுமி.

கையில் இருந்த டேப்புக்கு டப்பா வேண்டும். மருதுபாண்டி காலடியில் கிடந்த கேமராப் பையின் பக்கவாட்டில் கையை விட்டாள். காலி டப்பாவோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. மஞ்சள் நூல் சுற்றியது.

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதல் பந்திக்கு ஆள் உட்காரும்போது, சமையல் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரையும் வரச் சொன்னாள். பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது என்ன?"

"அது… அன்னைக்குச் சாமிகிட்டப் போட்டது," என்றான் மருதுபாண்டி. "மதினி, அதைப் பிரிக்கக் கூடாது. எடுக்காத பூவைப் பிரிச்சா தெய்வக்குத்தம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றதுதான்."

அவள் நூலை அறுத்தாள். பூ வற்றிச் சுருண்டிருந்தது. காய்ந்தாலும் அரளி அரளிதான். கருஞ்சிவப்பாக நாலு இதழ் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"நந்தியாவட்டை எங்க?"

கொட்டகைக்குள் யாரோ சாம்பார் வாளி கேட்டுக் கத்தினார்கள்.

"நந்தியாவட்டை எங்கன்னு கேட்டேன்."

"அண்ணன்தான் மதினி சொல்லுச்சு…"

"ஏலே!" என்றான் செல்லச்சாமி.

"நீ சொல்லாமலா நான் ரெண்டுலயும் அரளியை வச்சுக் கட்டுனேன்? இப்ப என்னை மட்டும் மாட்டிவிடுற?"

"ஆயிரத்து அறுநூறு ரூவாய்க்கு," என்றாள் வீரலட்சுமி, "பிள்ளையாரைப் பொய் சொல்ல வச்சிருக்கீக."

"உன்கிட்டப் பேசித் தீராது வீரா. அதான்…"

"பேசித் தீரலைன்னா நான் சொல்றதுல நியாயம் இருந்துச்சுன்னு அர்த்தம். நியாயம் இருக்கிறவளைச் சாமியைக் காட்டி வாயை அடைச்சீக. எங்கய்யா வீட்டுல நமக்குப் பூக் கேட்டாகளே, அன்னைக்குப் பொட்டலம் கட்டுனது யாரு?"

"எங்க சித்தப்பா. எதுக்கு?"

"அவரு எத்தனை நிறத்துல கட்டுனாராம்?"

மருதுபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினியின் கண்ணைப் பார்த்ததும் நின்றது.

"சத்தியம் பண்ணுனீகளே, டேப்பைத் தொட மாட்டேன்னு? அதுவும் இந்தக் கணக்குலதானா?"

"புது டேப்பு ஒண்ணு நூத்தம்பது…"

"சத்தியம் ஓசிதான? அதைக்கூடக் காப்பாத்த முடியலையா?"

செல்லச்சாமி குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாத. கருத்தம்மாள்கிட்ட நான் பக்குவமாப் பேசிக்கிறேன். டேப்பு கோளாறுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். கிளம்புங்க ரெண்டு பேரும்."

"சாப்பிடலையே மதினி, பந்தி…"

"அந்த அக்கா முன்னால நின்னு சொல்லிட்டு வந்து சாப்பிடலாம். உங்களுக்கு இறங்குச்சுன்னா."

கேமராவின் சின்னத் திரையில் அந்த டேப்பைப் பஸ்ஸிலேயே ஓட்டிப் பார்த்தாள். முதலில் இன்றைய மாப்பிள்ளை, இன்றைய ஐயர், இன்றைய தாம்பாளம். சட்டென்று வெட்டி, முத்தழகு தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து தாலி. பக்கத்தில் கருத்தம்மாள், செல்போனைத் தீபம் காட்டுவது போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அதற்கு முந்திய எதுவும் மிஞ்சவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கருத்தம்மாள் களத்தில் மிளகாய்ப் பழம் பரப்பிக்கொண்டிருந்தாள். மருதுபாண்டி போனதும் தும்ம ஆரம்பித்தான்.

"வா ஆத்தா வீரலட்சுமி! சீடி கொண்டாந்திட்டியா? அவன் நேத்துக்கூடக் கேட்டான்."

வீரலட்சுமி புருஷனைப் பார்த்தாள்.

"டேப்புல சின்னக் கோளாறுக்கா…" என்று தொடங்கினான் செல்லச்சாமி.

"முழுசாச் சொல்லுங்க," என்றாள் வீரலட்சுமி.

அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். விட்டதை மருதுபாண்டி தும்மலுக்கிடையில் சொன்னான். மெட்ராஸ் டிஸ்க், பூ, டேப், எல்லாம். கருத்தம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கீழே போடாமல் கேட்டாள்.

"எது போச்சு?"

"பொண்ணு அழைப்பு. தாய்மாமன் சீரு. பொண்ணு மேடைக்கு நடந்து வந்தது."

"எது இருக்கு?"

"தாலி கட்டுனது. பெறகு உள்ளதெல்லாம்."

"பூப் போட்டுப் பாத்தீகளாக்கும்?" அவள் குரல் ஏறியது. "பெட்டி உங்களது. உள்ள இருந்த கல்யாணம் யாருது? பிள்ளையாரைக் கேட்டீகளே, அதுவும் திருட்டுத்தனமா! எங்களை ஒரு வார்த்தை கேட்டீகளா? கேட்டிருந்தா அந்தக் காசையும் சேத்து அனுப்பியிருப்பானே எம்மவன். இந்த மிளகாய்க் காட்டுல கை எரிய எரிய நிக்கிறவ நான். எனக்கு எது மலிவா வாங்கணும், எது மலிவா வாங்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"திரும்ப எடுத்திருவோம்க்கா. பொண்ணு மாப்பிள்ளை இங்கனதான இருக்காக. அதுக்குக் காசு வாங்க மாட்டேன்."

"என் அண்ணன் மறுபடி சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு வரணும். எம்மக மறுபடி பொண்ணா உக்காரணும். கூத்தாய்யா கட்டுறோம் இங்கன?"

இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். மகன் நம்பருக்கு ஒரே ஒரு மணி அடிக்கவிட்டுக் கட் பண்ணினாள். மகன் திரும்பக் கூப்பிட்டான். ஸ்பீக்கரைப் போட்டு, மிளகாய்க் காரம் ஒட்டிய கையோடு போனைச் செல்லச்சாமி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

செல்லச்சாமிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. காரமாக இருக்கலாம். சொன்னான்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு சின்னக்கருப்பனின் குரல். "தாலி கட்டுனது இருக்காண்ணே?"

"இருக்குப்பா, அப்படியே இருக்கு! உங்கம்மா போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுகூட…"

"அது நான் போன்ல கேட்டதுண்ணே. கேக்காததைத்தான் பாக்கணும்னு இருந்தேன். முத்தழகு பொண்ணாகி நடந்து வந்ததை."

செல்லச்சாமி முகத்தைத் திருப்பினான். கருத்தம்மாள் போனையும் கூடவே திருப்பினாள்.

"எவ்வளவுண்ணே மிச்சம் பிடிச்சீக?"

"கேக்குறான்ல? சொல்லுங்க," என்றாள் கருத்தம்மாள்.

"ஆயிரத்து அறுநூறுப்பா. டேப்புக்கு ஒரு முந்நூறு."

பாத்திரச் சத்தம் நின்றது. "சரிண்ணே. அம்மா, வைக்கிறேன். முதலாளி கூப்பிடுறாரு."

கருத்தம்மாள் போனை இடுப்பில் செருகினாள். குனிந்து மிளகாயைப் பரப்ப ஆரம்பித்தாள். செல்லச்சாமியும் மருதுபாண்டியும் எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"அப்ப… வாரோம்க்கா," என்றான் செல்லச்சாமி.

"வாரோம்னு சொல்லாதீக. போங்க," என்றாள் அவள், நிமிராமல். பிறகு, "நீ போயிட்டு வா ஆத்தா. இருக்கிறதைச் சீடி போட்டுக் கொண்டாந்து குடு. நீ மட்டும் வா."

வீரலட்சுமி தலையை ஆட்டினாள். டேப்பை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வருகிறார்களா என்று பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.